அளந்து கண்ட உண்மை

நுழையும்முன்

இயற்பியல் ஏட்டில் ஓம் விதி ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. அதனை மனப்பாடம் செய்யச் சில நொடிகள் போதும். அந்த ஒரு வரியைக் கண்டறிந்தவரோ அதன்பொருட்டுத் தம் பணியைத் துறந்தார். தம் உழைப்புக்கு உரிய மதிப்பைப் பெற 14 ஆண்டுகள் காத்திருந்தார். பிழை நேர்ந்தபோது அதனை மறைக்காமல் தாமே திருத்திக்கொண்ட ஓர் ஆசிரியரின் வாழ்க்கையே இப்பாடம்.

பூட்டுத் தொழிலாளியின் இல்லம்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இன்று அமைந்துள்ள எர்லாங்கன் நகரில், 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஜார்ஜ் சைமன் ஓம் பிறந்தார். தந்தை ஜோகன் உல்ஃப்காங் ஓம் பூட்டுகள் செய்யும் தொழிலாளி. தாய் மரியா எலிசபெத் தையற்காரர் ஒருவரின் மகள். ஏழு குழந்தைகள் பிறந்த அவ்வில்லத்தில் மூவரே உயிர் பிழைத்து வளர்ந்தனர். ஓமுக்குப் பத்து வயதானபோது தாயும் மறைந்தார்.

தந்தை முறையான கல்வி பெற்றவர் அல்லர். ஆயினும் நூல்களைத் தாமே தேடிப் படித்துக் கணிதத்திலும் அறிவியலிலும் தேர்ந்தவர். பட்டறையில் உழைத்த நேரம் போக, எஞ்சிய பொழுதில் தம் மைந்தர்களாகிய ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல், மெய்யியல் ஆகியவற்றைக் கற்பித்தார். பள்ளியில் கிடைத்ததைக்காட்டிலும் மிகுதியான கல்வி அவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்தது. எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் அவ்விளைஞரைச் சோதித்து வியந்தார். கணித உலகில் புகழ்பெற்ற பெர்னூலி குடும்பத்துச் சகோதரர்களுக்கு அவர்களை ஒப்பிட்டார். இளையவர் மார்ட்டின் பிற்காலத்தில் கணித அறிஞராக விளங்கினார்.

தடம் மாறிய நாள்கள்

1805ஆம் ஆண்டு ஓம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆங்கே அவர் மனம் பாடத்தில் முழுமையாகப் பதியவில்லை. நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் ஆட்டம் ஆகியவற்றில் பொழுது கழிந்தது. தமக்குக் கிட்டாத வாய்ப்பை மகன் வீணாக்குகிறானே எனத் தந்தை சினந்தார். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. 1806ஆம் ஆண்டு ஓம் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஒரு பள்ளியில் கணித ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 17.

அயல்நாட்டுத் தனிமை அவரைப் பக்குவப்படுத்தியது. பிறருக்குக் கற்பித்தவாறே தாமும் கற்றார். பெருங்கணித மேதைகளின் நூல்களை யாருடைய துணையுமின்றிப் பயின்றார். 1811ஆம் ஆண்டு எர்லாங்கனுக்குத் திரும்பி, அதே ஆண்டு அக்டோபரில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே சில காலம் கணிதம் கற்பித்தார். ஆயினும் அவ்வருவாய் வாழ்க்கைக்குப் போதவில்லை. 1813இல் பாம்பெர்க் நகரின் எளிய பள்ளியொன்றில் பணியேற்றார். அப்பள்ளியும் 1816இல் மூடப்பட்டது.

அந்நாளில் அவர் வடிவியல் கற்பித்தல் குறித்து ஒரு நூல் எழுதியிருந்தார். அதன் கைப்படியைப் பிரஷ்ய மன்னருக்கு அனுப்பிவைத்தார். அதன் பயனாக 1817ஆம் ஆண்டு கொலோன் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அப்பள்ளியில் நல்ல கருவிகள் நிறைந்த இயற்பியல் ஆய்வுக்கூடம் இருந்தது. பகலில் வகுப்பறையும், ஓய்ந்த பொழுதில் ஆய்வுக்கூடமும் அவருடைய உலகமாயின.

அளவறியாத ஆற்றல்

அக்கால மின்னியலின் நிலையை நாம் அறிந்துகொண்டால்தான் ஓமின் பணி விளங்கும். உரசப்பட்ட பொருள்கள் மின்னூட்டம் பெறுகின்றன என்பதும், ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும், வேறுபட்டவை ஈர்க்கும் என்பதும் முன்னரே அறியப்பட்டிருந்தன. அவ்விசையை முறுக்குத் தராசு என்னும் நுண்கருவியால் பிரெஞ்சு அறிஞர் கூலும் 1785இல் அளந்தார். 1800இல் இத்தாலிய அறிஞர் வோல்டா, உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் மாறிமாறி அடுக்கி முதல் மின்கல அடுக்கை உருவாக்கினார். அதனால் தொடர்ச்சியான மின்னோட்டம் மனிதனுக்கு வசப்பட்டது. 1820இல் டென்மார்க்கின் ஆர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதைக் கண்டார். மின்னோட்டத்தை அளப்பதற்கு இயற்கையே ஒரு முள்ளைத் தந்ததுபோல் ஆயிற்று.

ஆயினும் அடிப்படையான வினா ஒன்று விடையின்றி நின்றது. ஒரே மின்கலத்துடன் குட்டையான கம்பியை இணைத்தால் ஊசி மிகுதியாக விலகுகிறது. நீளமான கம்பியை இணைத்தால் குறைவாக விலகுகிறது. அந்தக் குறைவுக்குக் கணக்கு உண்டா? உண்டெனில் அது யாது?

கம்பிக்குள் ஓடுவது இன்னதென அன்று எவரும் அறியார். எலக்ட்ரான் கண்டறியப்பட்டது 1897இல்தான். ஒரு நொடியில் ஒரு கூலும் மின்னூட்டம் கடந்து சென்றால் அதனை ஓர் ஆம்பியர் மின்னோட்டம் என்கிறோம். ஒரு கூலும் மின்னூட்டமாவது 62,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்களின் மின்னூட்டமாகும். இவை யாவும் நாம் அறிந்தவை. ஓம் அறிந்ததோ ஒரு கம்பி, ஒரு மின்கலம், ஓர் ஊசி ஆகிய மூன்றுமே. ஓடுவது எதுவென அறியாமலேயே அது எவ்வாறு ஓடுகிறது என்பதை அளந்து காண அவர் முனைந்தார்.

முதல் விடையும் அதன் பிழையும்

1825ஆம் ஆண்டு ஓம் தம் முதற்கட்டுரையை வெளியிட்டார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்து, மின்னோட்டத்தின் விளைவு எவ்வளவு குறைகிறது என்பதைக் கணக்கிட்டு, மடக்கைச் சார்பு அமைந்த ஒரு வாய்பாட்டை அதில் முன்வைத்தார். அவ்வாய்பாடு பிழையானது.

பிழைக்குக் காரணம் அவருடைய கணக்கு அன்று. அவர் நம்பிய மின்கலமே ஆகும். அக்கால மின்கலங்கள் இணைத்தவுடன் வலுவாக மின்னோட்டம் தரும். சிறிது நேரத்தில் தளரும். ஓய்வு கொடுத்தால் மீண்டும் வலுப்பெறும். நிறுத்துக்கொண்டிருக்கும்போதே படிக்கல்லின் எடை மாறினால் தராசு எவ்வாறு உண்மை சொல்லும்? கம்பியால் வந்த குறைவு எவ்வளவு, கலத்தின் தளர்ச்சியால் வந்த குறைவு எவ்வளவு எனப் பிரித்தறிய இயலவில்லை.

அச்சேறிய கருத்தைத் திருத்துவது எளிதன்று. பல்கலைக்கழகப் பதவியை எதிர்நோக்கியிருந்த ஒரு பள்ளி ஆசிரியருக்கு அது மேலும் அரிது. ஓம் தம் வாய்பாட்டைக் காக்க முற்படவில்லை. சோதனையை முதலிலிருந்து தொடங்கினார். நிலையான மின்மூலம் வேண்டுமெனில் வெப்ப இரட்டையைப் பயன்படுத்தலாம் என்று, அறிவியல் இதழொன்றின் ஆசிரியராகிய போகன்டார்ஃப் கூறிய யோசனையையும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்.

பனிக்கட்டியும் கொதிநீரும்

இரு வேறு உலோகங்களை இரண்டு முனைகளிலும் சேர்த்து, ஒரு சந்தியைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் அச்சுற்றில் மின்னோட்டம் பாய்கிறது. இவ்வுண்மையைச் சீபெக் என்பார் சில ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து அத்தகைய அமைப்பை உருவாக்கினார். ஒரு சந்தியைக் கொதிக்கும் நீரிலும், மற்றொன்றை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். நீர் கொதிக்கும் வரையிலும், பனிக்கட்டி எஞ்சியிருக்கும் வரையிலும் அவ்வெப்பநிலைகள் மாறுவதில்லை. ஆகவே சுற்றை இயக்கும் ஆற்றலும் மாறாமல் நின்றது. உறுதியான படிக்கல் அவருக்குக் கிடைத்துவிட்டது.

1826ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சோதனைகள் நடந்தன. ஒரே தடிமனுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை அவர் எடுத்துக்கொண்டார். அவற்றின் நீளங்கள் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலங்கள். ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்தார். விலகிய காந்த ஊசியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அதன் தொங்கிழையை எவ்வளவு முறுக்க வேண்டியுள்ளது என்பதைக் குறித்துக்கொண்டார். அம்முறுக்கமே மின்னோட்டத்தின் அளவாக அமைந்தது.

ஒரு தொடர் சோதனையில் 2 அங்குலக் கம்பிக்கு ஏறத்தாழ 327 பிரிவுகளும், 130 அங்குலக் கம்பிக்கு ஏறத்தாழ 48.5 பிரிவுகளும் கிடைத்தன. இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். கம்பியின் நீளம் 65 மடங்கு கூடியிருக்கிறது. மின்னோட்டமோ ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே குறைந்திருக்கிறது. எதிர்பார்த்த கணக்கு எங்கே தவறியது?

ஓமின் கூர்மை இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. மின்னோட்டம் சோதனைக் கம்பியில் மட்டும் பாய்வதில்லை. மின்மூலத்தின் ஊடாகவும் பாய்ந்து சுற்றை நிறைவு செய்கிறது. எனவே, கருவியின் பிற பகுதிகளும் மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. அத்தடை 20 அங்குலக் கம்பியின் தடையைவிடச் சிறிதே மிகுதி எனக் கணக்கிட்டார், அதனை 20.25 அங்குலமாகக் கொண்டார். அவ்வாறாயின் முதல் கம்பிக்கு மொத்த நீளம் 22.25, கடைசிக் கம்பிக்கு 150.25. இரண்டாவது முதலாவதைப்போல் ஏறத்தாழ 6.75 மடங்கு. 327ஐ 48.5ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ அதே எண் கிடைக்கிறது. இடைப்பட்ட கம்பிகளின் அளவுகளும் இக்கணக்கோடு நெருங்கிப் பொருந்தின.

அவர் கண்டது இதுவே: ஒரு மின்சுற்றில் பாயும் மின்னோட்டம், அதனை இயக்கும் மின்னியக்கு விசைக்கு நேர்விகிதத்திலும், சுற்றின் மொத்த மின்தடைக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. வெப்பநிலை மாறாதிருக்கும்போது உலோகக் கடத்திகளில் இவ்வுறவு நிலைபெறுகிறது. கம்பியின் நீளம் இரட்டித்தால் அதன் தடை இரட்டிக்கும். குறுக்குவெட்டுப் பரப்பு இரட்டித்தால் தடை பாதியாகும். கருவியின் பகுதிகளுக்கு உரியதென அவர் பிரித்தறிந்த அத்தடையில் மின்மூலத்துக்கு உரிய பங்கையே நாம் இன்று அகமின்தடை என்று படிக்கிறோம்.

நூலும் புறக்கணிப்பும்

தம் கண்டுபிடிப்பை முழுமையான நூலாக்க விரும்பிய ஓம், பள்ளியில் அரை ஊதியத்துடன் ஓராண்டு விடுப்புப் பெற்றுத் தம்பி வாழ்ந்த பெர்லினுக்குச் சென்றார். 1827ஆம் ஆண்டு, மின்சுற்றைக் கணித முறையில் ஆராயும் அவருடைய நூல் வெளிவந்தது. வெப்பம் ஓர் உலோகத் தண்டில் பரவும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியர் கணிதத்தால் விளக்கியிருந்தார். வெப்பநிலை வேறுபாடு வெப்பத்தைச் செலுத்துவதுபோல மின்னழுத்த வேறுபாடு மின்னோட்டத்தைச் செலுத்துகிறது என்னும் ஒப்புமையை ஓம் தம் நூலில் கையாண்டார்.

அந்நூலால் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிட்டும் என அவர் நம்பியிருந்தார். நம்பிக்கை பொய்த்தது. இயற்கையின் உண்மைகளைத் தூய சிந்தனையாலேயே அறியலாம் என்னும் மெய்யியல் போக்கு அன்றைய பிரஷ்யக் கல்வியுலகில் செல்வாக்குப் பெற்றிருந்தது. கணிதக் குறிகள் நிறைந்த அந்நூலைச் சிலர் கடுமையாகச் சாடினர். பலர் படிக்காமலே ஒதுக்கினர். சிக்கலான மின்நிகழ்வுகள் இத்தனை எளிய விதிக்குள் அடங்கும் என நம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஓம் நெஞ்சம் புண்பட்டார். 1828ஆம் ஆண்டு கொலோன் பள்ளிப் பணியிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 39. ஊர் மதிக்கும் வேலையும், அவர் நேசித்த ஆய்வுக்கூடமும் ஒருங்கே அகன்றன. அடுத்த சில ஆண்டுகள் பெர்லினில் கணிதம் கற்பித்துக் கிடைத்த சிறு வருவாயில் வாழ்ந்தார். 1833இல்தான் நியூரம்பெர்க் நகரின் பல்தொழில்நுட்பப் பள்ளியில் அவருக்கு நிலையான பணி கிடைத்தது.

தேடிவந்த ஏற்பு

ஓமின் நூலைப் புறக்கணித்தோர் அவருடைய சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கவில்லை. செய்து பார்த்தோர் அதனைப் புறக்கணிக்கவில்லை. ஜெர்மனியில் ஃபெக்னரும், உருசியாவில் லென்சும், பிரான்சில் பூயேயும் தத்தம் அளவீடுகளில் அவ்வுறவு நிலைபெறுவதைக் கண்டனர். தந்தி என்னும் புதிய கருவி பரவத் தொடங்கிய காலம் அது. நெடுந்தொலைவுக் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை அறிய வேண்டியவர்களுக்கு ஓம் விதி இன்றியமையாததாயிற்று.

1841ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகம் தன் மிக உயரிய பரிசாகிய காப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. மறு ஆண்டு அவரை அயல்நாட்டு உறுப்பினராகவும் ஏற்றது. அதன் பின்னரே சொந்த நாடு அவரை முழுமையாகத் திரும்பிப் பார்த்தது. 1845இல் கிர்க்காஃப் என்னும் இளம் மாணவர், ஓம் இட்ட அடித்தளத்தின்மீது பல கிளைகள் கொண்ட மின்சுற்றுகளுக்கான விதிகளை வகுத்தார்.

ஓம் அப்போதும் ஓய்ந்திருக்கவில்லை. ஒலியியலில் ஈடுபட்டு, பல ஒலிகள் கலந்த ஓசையைச் செவி தனித்தனி எளிய ஒலிகளாகப் பிரித்துணர்கிறது என்னும் கருத்தை 1843இல் வெளியிட்டார். அதுவும் முதலில் மறுக்கப்பட்டது. பிற்காலத்தில் ஹெல்ம்ஹோல்ட்சால் ஆதரிக்கப்பட்டது. 1849இல் மியூனிக் நகருக்குச் சென்ற ஓம், 1852ஆம் ஆண்டு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். இளமை முதல் எதிர்நோக்கிய அப்பதவி 63ஆம் வயதில் கைகூடியது. இரண்டே ஆண்டுகள் அதனை வகித்து, 1854ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் மறைந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

பெயராக நிலைத்தவர்

1881ஆம் ஆண்டு பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்னும் பெயரை உறுதிசெய்தது. கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்தாகிய ஒமேகா அதன் குறியீடு. மின்தடையின் தலைகீழாகிய மின்கடத்துகையை அளக்கவும் நெடுங்காலம் அவர் பெயரையே திருப்பி எழுதி மோ என வழங்கினர்.

இவ்விதியின் பயனை நம் இல்லத்திலேயே காணலாம். 6 வோல்ட் மின்கல அடுக்குடன் 3 ஓம் தடையை இணைத்து, அகமின்தடை புறக்கணிக்கத்தக்கது எனக் கொண்டால், 2 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அத்தகைய மற்றொரு தடையைத் தொடரிணைப்பில் சேர்த்தால் மின்னோட்டம் 1 ஆம்பியராகக் குறையும். பக்க இணைப்பில் சேர்த்தாலோ மொத்த மின்னோட்டம் 4 ஆம்பியராக உயரும். வீட்டு விளக்குகள் பக்க இணைப்பில் இருப்பதால்தான் ஒன்று அணைந்தாலும் மற்றவை எரிகின்றன. ஒரே மின்இணைப்பில் பல கருவிகளை இயக்கினால் கம்பி சூடேறித் தீங்கு நேர்வதற்கும் இக்கணக்கே காரணம். அதனை அறிந்து நடப்பது உயிர்காக்கும் அறிவாகும்.

ஓமுக்கு முன்னரே, இங்கிலாந்துச் செல்வரும் அறிஞருமாகிய கேவண்டிஷ் இவ்வுறவை ஒருவாறு உணர்ந்திருந்தார். மின்னோட்டத்தை அளக்கும் கருவி இல்லாத அக்காலத்தில், தம் உடலில் ஏற்பட்ட அதிர்ச்சியையே அளவாகக் கொண்டு அவர் ஆராய்ந்தார். ஆனால் அதனை வெளியிடவில்லை. அவருடைய குறிப்புகளை மாக்ஸ்வெல் 1879இல் பதிப்பித்த பின்னரே உலகம் அதனை அறிந்தது. பேழைக்குள் உறங்கிய உண்மையால் எந்தத் தந்திக் கம்பியும் பயன்பெறவில்லை.

ஓம் தாம் கண்டதை உலகின் முன் வைத்தார். முதன்முறை வைத்தது பிழையாயிற்று, தாமே திருத்தினார். இரண்டாம் முறை வைத்தது உண்மை, உலகம் மறுத்தது. மறுப்பால் வேலையும் வருவாயும் குன்றியபோதும் அவர் அவ்வுண்மையிலிருந்து பின்வாங்கவில்லை. தவறெனத் தெரிந்தபோது விட்டுக்கொடுப்பதும், சரியெனத் தெரிந்தபோது உறுதியாக நிற்பதும் ஒரே நேர்மையின் இரு பக்கங்கள். இவ்விரண்டையும் அவருக்குக் கற்பித்தவை கொதிநீரிலும் பனிக்கட்டியிலும் அவர் செய்த பொறுமையான அளவீடுகளே.

நம் பள்ளி ஆய்வகத்தில் ஓம் விதியைச் சரிபார்க்கும் நாளில், ஒரு மாணவரின் அளவீடு எதிர்பார்த்த நேர்கோட்டில் அமையாமல் போகலாம். அப்போது எண்ணை மாற்றி எழுதுவது எளிது. இணைப்புகளைச் சரிபார்த்து மீண்டும் அளப்பதே ஓம் காட்டிய வழி.